விளக்கைத் தூண்டிய எலி

நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரத்தில் அமைந்துள்ள வேதாரண்யம், தேவாரத்தில் திருமறைக்காடு என்று போற்றப்பெறும் திருத்தலம். ‘வேதாரண்யம் விளக்கழகு’ என்பது அன்பர்கள் நன்கறிந்த வழக்கு. அத்தலத்து விளக்கோடு ஓர் எலியின் வரலாறும் பிணைந்திருக்கிறது.

சந்நிதியில் தீபம் மங்கி, அணையும் தறுவாயில் இருந்தது. அதிலிருந்த நெய்யை உண்பதற்கு ஓர் எலி வந்தது. நெய்யில் வாய் வைத்ததும் சுடர் அதன் மூக்கைச் சுட்டது. எலி துணுக்குற்று அசைய, திரி தூண்டப்பெற்றது. விளக்கு மீண்டும் நின்று எரிந்தது. எலியின் உள்ளத்தில் வழிபாட்டு எண்ணம் ஏதுமில்லை. வயிற்றில் பசி மட்டுமே இருந்தது. ஆயினும் இறைவன் அதனைத் தொண்டாகவே ஏற்று, உலகாளும் பேற்றை அருளினான். அப்பர் பெருமான் இதனைத் தம் பதிகத்தில் பாடியிருக்கிறார். அந்த எலியே மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாயிற்று என்பது தல வரலாறு.

அறியாமற் செய்த தொண்டுக்கும் பயன் உண்டு என்பதற்குச் சொற்பொழிவாளர்கள் இந்த வரலாற்றையே எடுத்துக்காட்டுவர். அதன் மறுபக்கமாக ஒரு கேள்வியும் எழுகிறது. அறியாமற் செய்யும் தொண்டுக்குப் பயன் உண்டென்றால், அறியாமற் செய்யும் தீங்கின் நிலை என்ன? இலண்டன் புறநகரில் மகள் வீட்டிற்குச் சென்றிருந்த கும்பகோணத்துப் பாட்டி ஒருவருக்கு இந்தக் கேள்வி ஏட்டிலன்றி வாழ்விலேயே எதிர்ப்பட்டது. அதற்குக் காரணமாக அமைந்ததும் ஓர் எலிதான்.

ஆடி மாத இறுதியில் அவர் அங்குப் போய்ச் சேர்ந்தார். கூடத்தின் ஒரு மூலையில் சுவாமி அலமாரி. எதிர்மூலையில் ஆளுயரக் கம்பிக் கூண்டு. கூண்டினுள் மூன்று அடுக்குகள், தொங்கும் துணி ஊஞ்சல், ஏணி. அதில் இரண்டு பெண் எலிகள் இருந்தன. பத்து வயதுப் பேத்தி ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “பாட்டி, இது பெப்பர். அது கிங்கர்” என்று அறிமுகம் செய்து வைத்தாள். பாட்டி இரண்டடி பின்வாங்கினார்.

அதில் வியப்பொன்றும் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக அவர் அறிந்த எலி, அரிசி மூட்டையைக் கடித்துத் துளைப்பது; பரணில் ஓடி உறக்கத்தைக் கெடுப்பது. சதுர்த்திதோறும் விநாயகருக்கு அறுகம்புல் சார்த்தி, பாதத்தருகில் இருக்கும் மூஞ்சூறுக்கும் ஒரு பூ வைப்பார். அன்று இரவே எலிப்பொறியில் மசால் வடைத் துண்டை மாட்டி அடுப்பங்கரையில் வைப்பார். இதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. வாகனம் வேறு, வீட்டெலி வேறு என்பதே அவர் கொண்ட முடிவு.

எலியை வணங்குவதும் விரட்டுவதும் ஆகிய இரண்டுமே பாரதத்தில் தொன்றுதொட்டு வருபவை. ஆனைமுகன் தன் கொம்பை ஒடித்து எறிய, கயமுகாசுரன் எலியாகி ஓடி வந்தான் என்றும், விநாயகப் பெருமான் அவனையே வாகனமாக ஏற்றருளினார் என்றும் கந்தபுராணம் கூறும். இராசத்தானத்தில் பிகானேர் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தேஷ்நோக் என்னும் ஊரில் கர்ணி மாதா ஆலயம் இருக்கிறது. அங்கு ஆயிரக்கணக்கான எலிகள் அச்சமின்றி உலவுகின்றன. அவற்றைக் ‘கப்பா’ என்று அழைத்து, பெரிய தட்டுகளில் பால் வார்த்து, தானியம் இடுகின்றனர். வெள்ளை எலி கண்ணிற்பட்டால் பெரும்பேறு என்பது அங்குள்ள நம்பிக்கை. கால்பட்டு எலி எதுவும் இறந்துவிட்டால், வெள்ளியில் ஓர் எலி செய்து காணிக்கையாகச் செலுத்த வேண்டும் என்பது மரபு.

பேத்தியின் கூண்டில் இருந்தவை அந்த ஆலய எலிகளைப் போன்றவையும் அல்ல. பரணில் ஓடும் எலிகளும் அல்ல. இவை பழுப்பு எலி என்னும் இனத்திலிருந்து, பல தலைமுறைகளாக மனிதர் கையிலேயே பழகி வந்தவை. 19-ஆம் நூற்றாண்டு இலண்டனில் ஜாக் பிளாக் என்ற எலி பிடிப்பவர் இருந்தார். விக்டோரியா மகாராணியின் எலி பிடிப்பாளர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். பிடித்த எலிகளில் அரிய நிறமுள்ளவற்றைக் கொல்லாமல் தனியே வைத்து வளர்த்துப் பெருக்கி, விரும்புவோருக்கு விற்றார். கொல்வதையே தொழிலாகக் கொண்டவரிடமிருந்தே வளர்க்கும் பழக்கமும் பரவியது என்பது எண்ணத்தக்கது. 1901-இல் அயில்ஸ்பரி நகரில் நடைபெற்ற சுண்டெலிக் கண்காட்சியில், மேரி டக்ளஸ் என்ற அம்மையாரின் முயற்சியால் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. குழந்தை இலக்கியத்தில் பெயர்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர், 1908-இல் வெளிவந்த தம் நூல் ஒன்றைத் தாம் வளர்த்த எலிக்கே காணிக்கையாக்கினார். வளர்ப்பு எலிகளுக்கென்று ஒரு தேசியச் சங்கம் 1976-இல் அந்நாட்டில் தோன்றியது. இன்று தமிழகத்துப் பெருநகரங்களின் வளர்ப்புப் பிராணிக் கடைகளிலும் வெள்ளை எலிகளைக் காணலாம்.

இந்த வரலாறெல்லாம் பாட்டிக்குத் தெரியாது. அவர் கண்டது வேறொன்று. முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்து, காதுகளை வழித்து, உடலெங்கும் நாவால் நீவி, ஒரு நாளில் பலமுறை அவை தம்மைத் தூய்மை செய்துகொண்டன. “காலையில் முகம் கழுவச் சொன்னால் நீ கேட்பதில்லை. அதைப் பார்” என்று பேத்தியிடம் சொன்னார். எலியைப் பற்றி அவர் கூறிய முதல் நற்சொல் அதுதான்.

விநாயக சதுர்த்தி வந்தது. பாட்டி கொழுக்கட்டை செய்தார். மூஷிகத்திற்கும் பங்கு உண்டல்லவா என்று ஒரு முழுக் கொழுக்கட்டையைக் கூண்டிற்குள் வைக்கப் போனார். பேத்தி தடுத்தாள். “வேண்டாம் பாட்டி, அதற்கு இனிப்பு ஆகாது. ஒரு துளி வேண்டுமானால் தரலாம்.” அவள் சொன்னது சரியே. வளர்ப்பு எலிக்கு, அதற்கென்று தயாரிக்கப்படும் உணவுக் கட்டியே முதன்மையானது. கேரட், வெள்ளரி, வேகவைத்த பருப்பு, சோறு ஆகியவற்றைச் சிறிதளவு சேர்க்கலாம். எண்ணெய்ப் பண்டமும் சர்க்கரையும் அதனைப் பருக்கச் செய்து நோயாளியாக்கும். எலியால் வாந்தி எடுக்க இயலாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒவ்வாத ஒன்று உள்ளே போய்விட்டால், வெளியேற்றும் வழி அதற்கு இல்லை. ஆகவே அன்பு மிகுதியால் எதையும் ஊட்டிவிடக் கூடாது.

கொழுக்கட்டையைப் பாட்டி எளிதாகவே விட்டுவிட்டார். அடுத்து வந்ததுதான் கடினமாக இருந்தது.

நாள்தோறும் காலையில் அவர் சுவாமி அலமாரியின் முன் நெய்விளக்கேற்றி, இரண்டு ஊதுவத்தி கொளுத்துவார். வெள்ளிக்கிழமைகளில் கூடம் முழுவதும் சாம்பிராணிப் புகை காட்டுவார். குளிர்நாடாதலால் சன்னல்கள் மூடியே இருக்கும். புரட்டாசி பிறந்த சில நாட்களில் பெப்பர் தும்மத் தொடங்கியது. பிறகு மூச்சு விடுகையில் கரகரவென்று ஓர் ஒலி கேட்டது. மூக்கின் ஓரத்தில் இரத்தம் போலச் செந்நிறக் கசிவும் தென்பட்டது. பேத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “பாட்டி, கூடத்தில் புகை போடாமல் இருக்க முடியுமா?”

பாட்டியின் முகம் வாடியது. “ஓர் எலிக்காகச் சுவாமிக்குத் தூபம் காட்டுவதை நிறுத்தச் சொல்கிறாயா?” என்றார். மகள் இடையில் புகுந்து சமாதானம் சொன்னார். ஆயினும் அன்று முழுவதும் பாட்டி அதிகம் பேசவில்லை. தம் வழிபாட்டை அந்த வீட்டில் ஒரு தொல்லையாகக் கருதுகிறார்களோ என்ற வருத்தம் அவருக்கு. அன்று மாலை பேத்தி கூண்டின் முன் அமர்ந்து அழுதுகொண்டிருந்ததையும் அவர் கண்டார்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் சென்றபோது பாட்டியும் உடன் சென்றார். கட்டைவிரல் அளவே உள்ள மார்பில் மருத்துவர் குழல் வைத்துக் கேட்டார். செந்நிறக் கசிவு இரத்தமன்று. எலியின் கண்ணின் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறப்பொருள். எலி நோயுற்றிருப்பதையோ வருந்துவதையோ அது காட்டும் என்று விளக்கினார். பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் நுரையீரலில் ஒருவகை நுண்கிருமி இயல்பாகவே தங்கியிருக்கும். புகை, வாசனைத் தெளிப்பு, சிறுநீரின் நெடி ஆகியவற்றால் மூச்சுக்குழல் புண்படும்போது அக்கிருமி தலையெடுக்கும் என்றும் கூறினார். மகள் அதனைத் தமிழில் எடுத்துச் சொன்னார். பாட்டி ஒன்றும் கூறாமல் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கூடத்தில் நெய்விளக்கு மட்டும் எரிந்தது. ஊதுவத்தியையும் சாம்பிராணியையும் பாட்டி கொல்லைப்புறத்தில், துளசித் தொட்டியின் முன் ஏற்றினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் காரணம் சொல்லவில்லை. மருந்தும் சேர்ந்து வேலை செய்ய, சில நாட்களில் கரகரப்பு தணிந்தது. அதன்பின் அவர் பெப்பரை ‘மிளகு’ என்று அழைக்கத் தொடங்கினார்.

பக்தியோடு ஏற்றிய புகைதான் தீங்கிழைத்தது. இறைவன் அந்தப் புகையை ஏற்றிருப்பான் என்பதில் ஐயமில்லை. ஆனால் எலியின் நுரையீரல் பக்தியை அறியாது. புகையை மட்டுமே அறியும். ஆதலால் அன்போடு அறிவும் சேர வேண்டியிருக்கிறது. அறியாமற் செய்த தீங்கை இறைவன் பொறுக்கலாம். அறிந்தபின் நிறுத்துவது மனிதரின் கடன்.

பேரன் பேத்தியர் எலி வளர்க்க விரும்பினால், வீட்டுப் பெரியோர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

எலி கூட்டமாக வாழும் உயிர். தனியே அடைத்தால் ஏங்கும். ஒரே பாலின எலிகள் இரண்டையேனும் சேர்த்து வளர்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால், ஏறத்தாழ மூன்று வாரச் சூலிலேயே பல குட்டிகள் பிறந்துவிடும். அந்தக் குட்டிகளும் ஐந்தாறு வாரங்களில் இனப்பெருக்கத்திற்குத் தயாராகிவிடும். காட்டெலியையோ வீட்டெலியையோ பிடித்து வளர்ப்பது எக்காலத்தும் கூடாது. எலிக்காய்ச்சல் முதலிய நோய்களை அவை பரப்பக்கூடும்.

கூண்டு நாற்புறமும் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டாக இருத்தல் நலம். ஆனால் தரை கம்பியாக இருந்தால் பாதங்கள் புண்ணாகும், சமதளம் வேண்டும். பைன், தேவதாரு மரச் சீவல்களின் நெடி நுரையீரலுக்குக் கேடு. காகிதத் துகள்களைப் பரப்பலாம். நனைந்த பகுதியை நாள்தோறும் அகற்ற வேண்டும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், கடிப்பதற்கு மரத்துண்டு தேவை. நம்மைப் போல் எலிக்கு வியர்க்காது, வாலின் வழியாகவும் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆகவே சித்திரை வெயிலில் காற்றோட்டமில்லாத அறையில் கூண்டை வைப்பது உயிருக்கே ஆபத்து.

வாலைப் பிடித்துத் தூக்குதல் தகாது. இரு கைகளையும் குவித்து அடியிலிருந்து ஏந்த வேண்டும். முதல் சில நாட்கள் கையைக் கூண்டினுள் அசையாமல் வைத்து, அது தானே வந்து மோந்து பார்க்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். தொட்ட பிறகு சோப்பிட்டுக் கை கழுவுதல் இன்றியமையாதது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், அறுபத்தைந்து வயது கடந்தவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் எலியைக் கையாளுவதைத் தவிர்த்தல் நன்று. அருகிலிருந்து பார்த்து மகிழ்வதற்குத் தடையில்லை.

இவ்வளவு பாடும் ஓர் எலிக்காகவா என்று தோன்றலாம். சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிறு குழாயினுள் அடைபட்ட தோழனை விடுவிக்க, வெளியிலிருந்த எலி தானே முயன்று கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. அருகிலேயே சாக்லேட் வைக்கப்பட்டிருந்தபோதும் அது தோழனை விடுவிக்கத் தவறவில்லை. பெரும்பாலும் சாக்லேட்டில் ஒரு பங்கையும் தோழனுக்கு விட்டுவைத்தது. சின்னஞ்சிறு உடலுக்குள்ளும் ஓர் உயிர் மற்றோர் உயிருக்காகத் துடிக்கிறது. கூண்டில் அடைத்தவருக்கு அவ்வுயிரிடம் கடமை உண்டு.

வளர்ப்பு எலியின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். வாங்கும் நாளிலேயே குழந்தைக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்.

மிளகுக்கு இரண்டரை வயது நிரம்பியிருந்தது. கார்த்திகையில் மீண்டும் இளைப்பு வந்தது. மார்கழியில் ஒரு நாள் விடியலில், துணி ஊஞ்சலில் சுருண்டபடியே அது அடங்கியிருந்தது. தங்கையான கிங்கர் அருகில் ஒட்டிப் படுத்திருந்தது. தந்தை தோட்டத்து ரோஜாச் செடியின் அடியில் குழி தோண்டினார். பாட்டி ஒரு பழைய பட்டுத் துணியைக் கிழித்துக் கொடுத்தார்.

அன்றிரவு பேத்தி கேட்டாள்: “பாட்டி, எலி செத்தால் எங்கே போகும்?”

பாட்டி மறைக்காட்டு வரலாற்றைச் சொன்னார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, “ஆனால் பெப்பர் எந்த விளக்கையும் தூண்டவில்லையே” என்றாள்.

பாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். “அந்த எலியும் தூண்ட வேண்டுமென்று நினைத்துத் தூண்டவில்லையே, கண்ணா. சுவாமியின் கணக்கை நாம் எழுத முடியாது. நமக்கு வைத்த கணக்கை மட்டும் நாம் பார்க்கலாம். கிங்கர் இப்போது தனியாக இருக்கிறது. அதற்கு என்ன செய்யப் போகிறாய்?”

பேத்தியின் மனத்தையும் அதுவே உறுத்திக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றை வாங்கினால், கிங்கருக்குப் பிறகு அது தனியாகும். பின் இன்னொன்று வேண்டும். அவளோ அடுத்த ஆண்டு பெரிய பள்ளிக்குச் செல்ல வேண்டியவள். இனி முன்போல் நேரம் இராது. இரண்டு நாட்கள் யோசித்தாள். அவளுடைய தோழியின் வீட்டில் மூன்று பெண் எலிகள் இருந்தன. வயதான எலியைப் புதியவற்றோடு ஒரேயடியாகச் சேர்க்கலாகாது. கூண்டுகளை அருகருகே வைத்து, வாசனை பழகிய பின், பொதுவான ஓரிடத்தில் சிறிது சிறிதாகச் சந்திக்கவிட வேண்டும். தோழியின் தாயார் அதற்கு இசைந்தார். தை பிறக்கும் முன் கிங்கர் அங்குச் சென்றது. காரின் பின்னிருக்கையில் சிறு கூண்டை மடியில் வைத்துப் பிடித்துச் சென்றவர் பாட்டி. வீடு திரும்பும்வரை பேத்தி அவர் தோளில் சாய்ந்து அழுதாள். தன்னிடம் இருத்திக்கொள்வதை விட, அதற்கு நலமானதைச் செய்தாள் என்பதை அவள் அப்போது அறிந்தாளா என்பது தெரியாது.

பாட்டி கும்பகோணம் திரும்பிவிட்டார். அடுப்பங்கரையில் எலித்தொல்லை இன்றும் இருக்கிறது. சுவரிலுள்ள துளைகளைச் சிமெண்டு வைத்து அடைக்கச் செய்திருக்கிறார். அரிசியை மூடியுள்ள தகர டின்னில் வைக்கிறார். எலி ஒட்டிக்கொண்டு நாள் முழுதும் துடிக்கும் பசை அட்டையை மட்டும் வீட்டிற்குள் விடுவதில்லை.

உயிரொன்றை வீட்டிற்குள் கொண்டுவருவதற்கு முன், மூன்று ஆண்டு அதன் பொறுப்பை ஏற்க இயலுமா, நோயுற்றால் மருத்துவரிடம் காட்டப் பொருளும் பொழுதும் உண்டா, வீட்டார் பழக்கங்கள் அதற்கு இசையுமா என்று குடும்பத்தோடு அமர்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயலாதென்று தோன்றினால் வளர்க்காமல் இருப்பதும் சீவகாருணியமே. இயலுமென்றால், நாள்தோறும் கூண்டைத் துடைத்துத் தண்ணீர் மாற்றும் அந்தச் சிறு கைகள் செய்வதும் ஒரு தொண்டே. அறியாமல் திரியைத் தூண்டிய எலியைத் தொண்டனாக ஏற்றவன், அறிந்து ஓர் எலியைப் பேணும் குழந்தையையும் காப்பான்.